கூடாரமும் சிறைவாயிலும்: சஹராவி, குர்துப் பெண்களின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

1975ஆம் ஆண்டில் இரண்டு மக்களினங்களின் வாழ்வு, அவர்களைக் கேளாமலே எழுதப்பட்ட இரண்டு ஒப்பந்தங்களால் நிலைகுலைந்தது. அவ்வாண்டு மார்ச் 6ஆம் நாள் அல்ஜியர்ஸ் நகரில் ஈரானும் ஈராக்கும் தம் எல்லைத் தகராறைத் தீர்த்துக்கொண்டன. ஈராக்கியக் குர்துகளுக்குத் தான் அளித்துவந்த உதவியை ஈரான் உடனே நிறுத்திற்று. முல்லா முஸ்தபா பர்ஸானியின் தலைமையில் நடந்துவந்த கிளர்ச்சி சில வாரங்களில் சரிந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஈரானில் அடைக்கலம் தேடினர். அதே ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மாட்ரிட் நகரில் ஸ்பெயின், தன் ஆட்சியிலிருந்த மேற்குச் சஹாராவை மொரோக்கோவின் கையிலும் மொரித்தானியாவின் கையிலும் ஒப்படைக்க இசைந்தது. அந்நிலத்து மக்களுக்குத் தம் எதிர்காலத்தைத் தாமே முடிவு செய்யும் உரிமை உண்டு என்று அனைத்துலக நீதிமன்றம் கருத்துரைத்து அப்போது ஒரு மாதம்கூட நிறையவில்லை. சஹராவி மக்கள் அல்ஜீரியாவுக்குள் ஓடினர். முதல் ஒப்பந்தத்தை முன்னின்று முடித்துவைத்த அல்ஜீரியக் குடியரசுத் தலைவர் பூமெதியனே, இரண்டாம் ஒப்பந்தத்தால் வீடிழந்தோருக்குத் தம் நாட்டில் இடமளித்தார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இவ்விரு மக்களின் போராட்டத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் போர்க்களத்திலிருந்தே தொடங்குகின்றனர். பெண்கள் அவ்வரலாறுகளில் இரண்டு உருவங்களில் மட்டும் தோன்றுவர். ஒருத்தி துப்பாக்கி ஏந்தியவள். மற்றொருத்தி கறுப்பாடை அணிந்து அழுபவள். இவ்விருவரும் பொய்யல்லர். ஆனால் இவ்விரண்டு படங்களுக்கும் இடையே வேறு பெண்கள் நிற்கின்றனர்: மாவு மூட்டையைப் பங்கிட்டவர்கள், கூடாரம் தைத்தவர்கள், பெயர்ப்பட்டியல் எழுதியவர்கள், சிறைவாயிலில் வரிசையில் நின்றவர்கள். வனாந்தரப் பயணத்தில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கில் இருபது வயதுக்கு மேற்பட்ட, போருக்குச் செல்லத்தக்க ஆண்களே எண்ணப்பட்டனர் என்பதை இவ்விதழின் வாசகர் அறிவர். கணக்கெடுக்கும் அப்பழக்கம் இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை. எண்ணப்படாத அப்பெண்களின் உழைப்பு எப்போது அதிகாரமாக மாறியது, எப்போது மாறாமற்போயிற்று என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினா.

ஹமாதாவில் எழுந்த ஊர்கள்

சஹராவி மக்கள் ஒட்டகமும் ஆடும் மேய்த்து வாழ்ந்த நாடோடிகள். அரபு மொழியின் ஹஸானியா என்னும் கிளைமொழியைப் பேசுவோர். அவர்களிடையே கூடாரம் பெண்ணுக்கு உரியது. ஆட்டுமயிரும் ஒட்டகமயிரும் நூற்று, பட்டைகளாக நெய்து, ஒன்றோடொன்று தைத்து அதனை ஆக்குபவள் பெண். திருமணத்தின்போது அது பெண் வீட்டாரிடமிருந்து வரும். மணமுறிவு நேர்ந்தால் வெளியேறுபவன் ஆண். கூடாரம் அவளிடமே நிற்கும். ஒரு கூடாரத்தைத் தனியொருத்தி செய்து முடித்தல் இயலாது. அண்டைப் பெண்கள் கூலியின்றிக் கூடி, ஒருவர்க்கொருவர் முறைவைத்துச் செய்யும் வேலை அது. இக்கூட்டுழைப்புக்கு அவர்கள் இட்ட பெயர் துயிஸா. பாலைவனத்து மரபுகள் யாவும் பெண்ணுக்கு இணக்கமாக இருந்தன என்று எண்ணிவிடலாகாது. இளவயதிலேயே மணம் முடிப்பதும், அடிமைக் குடும்பங்களை வைத்து வேலை வாங்குவதும் அதே சமூகத்தில் இருந்தன. எனினும் கூடாரத்தின் மீதான உரிமையும் துயிஸாவும், பின்னர் நேர்ந்த பேரிடரில் அப்பெண்களுக்குக் கைகொடுத்தன.

1973ஆம் ஆண்டு மே மாதம் ஸ்பெயினை எதிர்த்துப் போலிசாரியோ முன்னணி தோன்றியது. அதன் பெண்கள் அமைப்பு மறு ஆண்டிலேயே உருவாயிற்று. 1975 நவம்பரில் மொரோக்கோ மன்னர் இரண்டாம் ஹசன் ஏறத்தாழ 3,50,000 பேரைத் திரட்டி எல்லையைக் கடக்கச் செய்தார். அதற்கு முன்பே அவருடைய படைகள் வடகிழக்கில் நுழைந்திருந்தன. நகரங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் முதலில் நாட்டின் உட்பகுதியிலேயே உம் திரைகா போன்ற இடங்களில் கூடாரமடித்துத் தங்கின. 1976 தொடக்கத்தில் அவ்விடங்கள் வானிலிருந்து குண்டு வீசித் தாக்கப்பட்டன. உயிர்தப்பியோர் கிழக்கே நடந்தும், கிடைத்த வண்டிகளில் ஏறியும் அல்ஜீரியாவின் திந்தூஃப் நகரை அண்டிய ஹமாதா எனப்படும் கல்நிலத்தை அடைந்தனர். கோடையில் ஐம்பது பாகை வெப்பத்தைத் தாண்டும் நிலம் அது. நாடோடிகளே தங்க விரும்பாத இடம். பிப்ரவரி 27ஆம் நாள் சஹராவி அரபு ஜனநாயகக் குடியரசு பிரகடனம் செய்யப்பட்டது. ஆண்களில் வலுவுள்ளோர் ஏறத்தாழ அனைவரும் போர்முனைக்குச் சென்றனர்.

எஞ்சியவர்கள் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே. முதல் கூடாரங்கள் பெண்களின் மெல்ஃபா என்னும் நீள ஆடைகளையும் போர்வைகளையும் ஒட்டுப்போட்டுத் தைத்தவை. தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. இந்நிலையிலேதான் பழைய துயிஸா புதிய வடிவம் பெற்றது. முகாம்கள் விலாயா எனப்படும் மாகாணங்களாகவும், அவை தாயிரா எனப்படும் வட்டங்களாகவும், வட்டங்கள் குடியிருப்புகளாகவும் பகுக்கப்பட்டன. அல்-அயூன், ஸ்மாரா, தாக்லா, அவ்ஸேர்த் என்று தாம் இழந்த ஊர்களின் பெயர்களையே முகாம்களுக்கு இட்டனர். வயதுவந்த ஒவ்வொருவரும் ஐந்து குழுக்களுள் ஒன்றில் பணியாற்ற வேண்டும் என்பது ஏற்பாடு: சுகாதாரம், கல்வி, உணவுப் பங்கீடு, கைத்தொழில், வழக்குத் தீர்வு. ஆண்கள் இல்லாமையால் இக்குழுக்களில் அமர்ந்தவர்களும் தலைமை தாங்கியவர்களும் பெரும்பாலும் பெண்களே.

உணவுப் பங்கீட்டுக் குழுவின் வேலையைச் சற்று நின்று நோக்க வேண்டும். உலகின் பல அகதி முகாம்களில் வெளிநாட்டு நிறுவனத்தின் அலுவலர் வண்டியின்மேல் நின்று மூட்டைகளைக் கொடுப்பார். மக்கள் கீழே வரிசையில் நிற்பர். திந்தூஃபில் வந்திறங்கிய பொருளைச் சஹராவிச் செம்பிறைச் சங்கம் பெற்றுக்கொள்ள, அந்தந்தக் குடியிருப்பின் பெண்களே அதனை அளந்து பங்கிட்டனர். எந்தக் கூடாரத்தில் எத்தனை பேர், எவள் கருவுற்றிருக்கிறாள், எந்த முதியவருக்குப் பல்லில்லை என்பதை அறிந்தவர்கள் அவர்கள். பெயர்ப்பட்டியல் அவர்கள் கையில் இருந்தது. பட்டியலை வைத்திருப்பவரே ஆட்சி செய்பவர் என்பது, திருச்சபையின் கணக்குப் புத்தகங்களோடு பழகிய நமக்குப் புதிதன்று.

ஸ்பெயின் வெளியேறியபோது எழுத்தறிந்த சஹராவிப் பெண்கள் மிகச் சிலர். எழுத அறிந்தவள் அறியாதவளுக்குக் கூடாரத்திலேயே கற்பித்தாள். 1970களின் இறுதியில் பெண்களுக்கென்று ஒரு பயிற்சிப்பள்ளி நிறுவப்பட்டது. குடியரசு பிறந்த நாளாகிய பிப்ரவரி 27 என்பதே அதற்குப் பெயராயிற்று. செவிலியர் பணி, நெசவு, தட்டச்சு, நிர்வாகம் ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. அங்குக் கற்க வந்தோர் தம் பிள்ளைகளையும் உடன் கொண்டுவந்தமையால் பள்ளியைச் சுற்றி ஒரு முகாமே எழுந்தது. அதுவே பின்னாளில் பூஜதோர் என்னும் பெயர் பெற்றது. மேற்படிப்புக்காக அல்ஜீரியாவுக்கும் கியூபாவுக்கும் சிறுவரோடு சிறுமியரும் அனுப்பப்பட்டனர். பத்தாண்டுக்கு மேல் பிள்ளையைக் காணாதிருந்த தாய்மார் பலர்.

ஆண்கள் திரும்பிவந்தபின்

மொரித்தானியா 1979இல் போரிலிருந்து விலகிற்று. மொரோக்கோ 1980களில் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நீளத்துக்கு மணலாலும் கல்லாலும் கரை எழுப்பி, கண்ணிவெடிகளைப் புதைத்து, நிலத்தின் பெரும்பகுதியைத் தன்வசமாக்கிக்கொண்டது. 1991 செப்டம்பர் 6ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் மேற்பார்வையில் போர்நிறுத்தம் ஏற்பட்டது. மறு ஆண்டே பொதுவாக்கெடுப்பு என்றனர். எவர் வாக்காளர் என்ற பூசலில் அது தள்ளிப்போடப்பட்டு, இன்றளவும் நடைபெறவில்லை.

போர்நிறுத்தம் பெண்களுக்கு இருமுனை வாளாயிற்று. கணவரும் மகன்களும் முகாமுக்குத் திரும்பினர். அதன் மகிழ்ச்சியை யாரும் குறைத்துக் கூற வேண்டியதில்லை. ஆனால் பதினைந்து ஆண்டுகளாகப் பணமே இல்லாமல் நடந்துவந்த ஊர்களில் அதே காலத்தில் பணமும் நுழைந்தது. ஸ்பானிய ஆட்சியில் படைவீரராகப் பணியாற்றிய முதியோருக்கு ஸ்பெயினிலிருந்து ஓய்வூதியம் வரத் தொடங்கிற்று. சிலர் கடை வைத்தனர்; சிலர் வாகன வியாபாரம் செய்தனர்; சிலர் கடல்கடந்து உழைத்துப் பணம் அனுப்பினர். கூலியில்லாப் பொதுப்பணி பெண்ணிடமும், காசு வரும் தொழில் பெரும்பாலும் ஆணிடமும் நின்றன. ஓய்வின்றி இயங்கிய குழுக்கள் தளர்ந்தன. கூடாரத்துக்குப் பக்கத்தில் மண்கல் வீடு எழுந்தது. வீடு கட்டுபவன் ஆண். எனவே கூடாரத்தின்மேல் பெண்ணுக்கு இருந்த பழைய உரிமை வீட்டுக்கும் செல்லுமா என்ற கேள்வியும் எழுந்தது. 2015 அக்டோபரில் பெய்த பெருமழையில் அம்மண்கல் வீடுகள் ஆயிரக்கணக்கில் கரைந்தபோது மக்கள் மீண்டும் கூடாரங்களுக்கே திரும்பினர் என்பதை இடையே குறிப்பிடலாம்.

மற்றொரு சிக்கலும் உண்டு. சஹராவிப் பெண்கள் விடுதலை பெற்றவர்கள் என்னும் செய்தி முகாம்களுக்கு வந்த வெளிநாட்டவரிடையே பரவி, உதவி திரட்டுவதற்கு ஏற்ற அடையாளமாயிற்று. எலீனா ஃபித்தியான்-காஸ்மியே என்னும் ஆராய்ச்சியாளர் 2014இல் வெளியிட்ட நூலில், விருந்தினர் கண்ணுக்குக் காட்டப்பட்ட இப்படம் அதற்குள் அடங்காத பெண்களை மறைத்துவிட்டது என்று வாதிடுகிறார். கியூபாவில் படித்து மருத்துவராகவும் ஆசிரியராகவும் திரும்பிய இளம்பெண்கள் தம் உடைக்காகவும் பேச்சுக்காகவும் ஐயத்தோடு நோக்கப்பட்டனர். அவருடைய முடிவுகள் அனைத்தையும் ஏற்க வேண்டுமென்பதில்லை. வட்டங்களின் நிர்வாகத்தில் பெண்களின் கை இன்னும் ஓங்கியே இருக்கிறது என்பதும் உண்மையே. ஆயினும் தேவையால் கிடைத்த அதிகாரம், தேவை மாறும்போது கேள்விக்குள்ளாகிறது என்ற அளவில் அவர் கூற்று நம் கவனத்துக்கு உரியது.

மொரோக்கோவின் ஆட்சிக்குட்பட்ட பகுதியில் பெண்களின் போராட்டம் வேறுவகையானது. அமினத்து ஹைதர் 1987இல் பிடிக்கப்பட்டு, 1991 வரை விசாரணையின்றிக் கண்கட்டப்பட்ட நிலையில் இரகசியச் சிறையில் வைக்கப்பட்டார். 2009இல் அவர் அல்-அயூனுக்குத் திரும்புகையில் கடவுச்சீட்டு பறிக்கப்பட்டு ஸ்பெயினின் லான்ஸரோத்தே தீவுக்கு அனுப்பப்பட்டபோது, அவ்விமான நிலையத்திலேயே 32 நாள் உண்ணாதிருந்து வீடு திரும்பும் உரிமையைப் பெற்றார். மறு ஆண்டு அக்டோபரில் அல்-அயூனுக்கு வெளியே கிதைம் இஸிக் என்னும் வெளியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரத்து வீடுகளை விட்டுவந்து கூடாரங்களில் குடியேறின. வேலையும் உரிமையும் கேட்ட அக்கூடார நகரை நவம்பர் 8ஆம் நாள் காவற்படைகள் கலைத்தன. இருபுறமும் உயிர்கள் மாண்டன. எல்லைக்கு அப்பால் அகதியின் அடையாளமாயிருந்த கூடாரம் எல்லைக்கு இப்பால் எதிர்ப்பின் கருவியாயிற்று.

குஷ்தபாவின் பெண்கள்

அல்ஜியர்ஸ் ஒப்பந்தத்தால் வீழ்ந்த பர்ஸானி மக்களிடம் இனி வருவோம். 1975க்குப் பின் ஈராக் அரசு பர்ஸான் பள்ளத்தாக்கின் குடும்பங்களைத் தென்பாலைவனத்துக்கு அனுப்பிற்று. பின்னர் அவர்களில் பலரை எர்பில் நகருக்குத் தெற்கே குஷ்தபா முகாமில் கொண்டுவந்து குடியேற்றியது. 1983 ஜூலை 31ஆம் நாள் விடியற்காலையில் படையினர் அம்முகாமைச் சூழ்ந்து, சிறுவர் முதல் கிழவர் வரை ஆண்களை எல்லாம் வண்டியேற்றினர். அடுத்துள்ள முகாம்களிலும் அவ்வாறே நடந்தது. கொண்டுசெல்லப்பட்டோர் 5,000 முதல் 8,000 வரை என்பர். ஒருவரும் மீளவில்லை. சில வாரங்களுக்குப் பின் சதாம் உசேன், பர்ஸானிகள் தண்டனை பெற்றுவிட்டனர் என்று மேடையிலேயே பேசினார்.

இங்கும் ஆண்களற்ற ஒரு முகாம். ஹமாதாவைப் போலவே இங்கும் பெண்களே பிள்ளைகளைக் காத்தனர். வயல்வேலைக்கும் வீட்டுவேலைக்கும் சென்று பிழைத்தனர். ஆனால் இங்குக் குழுக்கள் இல்லை, பள்ளி இல்லை, பெயர்ப்பட்டியல் காவலரின் கையில் இருந்தது. ஹமாதாவின் பெண்களுக்குத் தம் ஆண்கள் போர்முனையில் உயிரோடிருக்கிறார்கள் என்ற செய்தியேனும் வந்தது. குஷ்தபாவின் பெண்களுக்கு எச்செய்தியும் வரவில்லை. இரு முகாம்களின் பெண்களில் எவருடைய துணிவு பெரிது என்று அளத்தல் வீண். ஒரு சாரார்க்குத் தம் உழைப்பைப் பொறுப்பாக மாற்றிக்கொள்ளும் இடம் கிடைத்தது. மற்றவர்க்கு அது மறுக்கப்பட்டது. வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

குர்துப் பெண்களுக்கு ஆட்சிமரபே இல்லாதிருந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹலப்ஜாவில் ஆதிலா கானும் என்பவர், கணவரின் வாழ்நாளிலும் அவர் 1909இல் மறைந்த பின்னும், அவ்வூரின் வழக்குமன்றத்தையும் சந்தையையும் தம் கையில் வைத்திருந்தார். அவருக்குப் பிரிட்டிஷார் அளித்த பட்டம் நம் நாட்டில் முஸ்லிம் பெருமக்களுக்கு வழங்கிவந்த கான் பகதூர்! ஆனால் இத்தகையோர் தலைமைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். குஷ்தபாவின் ஏழை மகளிருக்கு அந்த மரபால் பயனொன்றும் விளையவில்லை.

ஹலப்ஜாவே 1988 மார்ச் 16ஆம் நாள் நச்சுவாயுவால் தாக்கப்பட்டு, ஏறத்தாழ 5,000 பேர் மாண்டனர். அவ்வாண்டு பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை அன்ஃபால் என்ற பெயரில் நடந்த படையெடுப்பில் ஆயிரக்கணக்கான சிற்றூர்கள் அழிந்தன. கொல்லப்பட்டோர் 50,000 முதல் 1,00,000 வரை என மனித உரிமை ஆய்வாளர் கணக்கிட்டனர்; குர்துத் தலைவர்கள் 1,82,000 என்றனர். கிர்கூக் அருகே தோப்ஸாவா படைமுகாமில் குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. ஆண்கள் தெற்கே குழிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெண்களும் பிள்ளைகளும் பலர் திப்ஸ் சிறைக்கும், முதியோர் பாலைவனத்து நுக்ரா சல்மான் கோட்டைக்கும் அனுப்பப்பட்டனர். கர்மியான் பகுதியில் பெண்களும் குழந்தைகளும்கூடச் சுட்டுக் கொல்லப்பட்டனர். செப்டம்பரில் பொதுமன்னிப்பு வந்தபோது விடுதலையானோர் தம் ஊர்களுக்குத் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. சுமூத் போன்ற புதிய குடியிருப்புகளின் வெற்றுத்தரையில் இறக்கிவிடப்பட்டனர்.

அவர்களுடைய துயரம் அங்கே முடிவடையவில்லை. உடல் கிடைக்காதவரை கணவன் இறந்தவன் அல்லன். எனவே அவள் கைம்பெண்ணும் அல்லள், மனைவியும் அல்லள். மறுமணம் செய்யலாகாது, சொத்துரிமை கேட்பதும் எளிதன்று. அவள் வயலுக்குச் சென்று கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தால், தனியே நடமாடுகிறாள் என்று உறவினர் முணுமுணுத்தனர். குர்துக் கவிஞரும் ஆராய்ச்சியாளருமான சோமான் ஹர்தி, உயிர்தப்பிய பெண்களை நேரில் கண்டு கேட்டு 2011இல் வெளியிட்ட நூலில் இந்நிலையை விரிவாகப் பதிவுசெய்துள்ளார். 1991க்குப் பின் எழுந்த குர்துத் தன்னாட்சி, ஆண்டுதோறும் அன்ஃபால் நினைவுநாளை அனுசரித்தது. ஆனால் அதில் அப்பெண்கள் பேசுவதற்காக அன்று, அழுவதற்காகவே அழைக்கப்பட்டனர் என்ற மனக்குறை நீடித்தது. 2006 மார்ச் 16இல் ஹலப்ஜா மக்களில் ஒரு பகுதியினர், தம் ஊரின் வறுமையைக் கவனியாது விழா மட்டும் நடத்துகிறார்கள் என்று சினந்து அவ்வூரின் நினைவு மண்டபத்துக்கே தீ வைத்தனர்.

துருக்கியில் நாம் காண்பது சிறைவாயில். 1980 செப்டம்பரில் அங்கு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின், தியார்பக்கிர் சிறையில் ஆயிரக்கணக்கான குர்து ஆண்கள் அடைக்கப்பட்டனர். பார்வையாளர் துருக்கி மொழியிலேயே பேச வேண்டும் என்பது விதி. குர்து மொழியன்றி வேறறியாத தாய்மார் கம்பிக்கு இப்பால் நின்று மகனை வாய்பேசாது நோக்கிவிட்டுத் திரும்பினர். நகர மேயராயிருந்து சிறைப்பட்ட மெஹ்தி ஸானாவின் இளம் மனைவி லைலா அவ்வாயிலில் நின்றவர்களுள் ஒருவர். பள்ளிக்கல்வி அதிகம் பெறாத அவர் அவ்வாண்டுகளில் துருக்கி மொழி கற்றார். மனு எழுதக் கற்றார். பிற கைதிகளின் மனைவியரைத் திரட்டினார். 1991இல் துருக்கி நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் குர்துப் பெண் அவரே. உறுதிமொழியைத் துருக்கி மொழியில் கூறியபின், இரு மக்களின் சகோதரத்துவத்தைக் குறித்து ஒரு வாக்கியத்தைக் குர்து மொழியில் சேர்த்துக் கூறினார், அவையே கொந்தளித்தது. 1994இல் 15 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 2004இல் விடுதலையானார். தாய்மார் சிறைவாயிலில் பேச இயலாத மொழியை மகள் போன்ற ஒருத்தி நாடாளுமன்றத்தில் பேசினாள் என்றே அந்நிகழ்ச்சியை நான் வாசிக்கிறேன். அதே தலைமுறையில் 3,000க்கும் மேற்பட்ட குர்துச் சிற்றூர்களும் குக்கிராமங்களும் காலிசெய்யப்பட்டன. காணாமற்போனோரின் தாய்மார் 1995 மே மாதம் முதல் இஸ்தான்புல் நகரில் சனிக்கிழமைதோறும் படங்களை ஏந்தி அமர்ந்தனர். 2018இல் எழுநூறாம் வாரக் கூட்டம் தடைசெய்யப்பட்டது.

துப்பாக்கி ஏந்திய பெண்ணைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுகிறேன். அவளைப் பற்றிப் பிறர் நிரம்ப எழுதிவிட்டனர். 1960களில் ஈராக்கில் பெஷ்மெர்காப் படையில் சேர்ந்து, 1969இல் மாண்ட மார்கரெட் ஜார்ஜ் அசீரியக் கிறிஸ்தவக் குடும்பத்தவர். அவருடைய புகைப்படத்தைப் படைவீரர் சட்டைப்பையில் வைத்திருந்தனராம். பல்கலைக்கழக மாணவியாகிய லைலா காசிம் 1974 மே 12ஆம் நாள் பாக்தாதில் தோழர் நால்வருடன் தூக்கிலிடப்பட்டார். சிரியாவில் 2013இல் அமைந்த பெண்கள் படை, 2014இலும் 2015 தொடக்கத்திலும் கொபானி நகரைக் காத்தபோது உலகப் பத்திரிகைகள் அப்பெண்களின் முகங்களை அட்டையில் அச்சிட்டன. 2022 செப்டம்பரில் ஈரானின் சக்கிஸ் நகரில் ஜினா மஹ்சா அமினியின் அடக்கத்தில் பெண்கள் முக்காட்டை அகற்றி முழங்கிய ‘பெண், வாழ்வு, விடுதலை’ என்னும் குர்துமொழி முழக்கம் நாடெங்கும் பரவிற்று. இம்முழக்கத்தின் பின்னே சிறைவாயிலிலும் சதுக்கத்திலும் பயின்ற ஆண்டுகள் பல உண்டு. அட்டைப்படம் அவற்றைக் காட்டவில்லை.

2020 நவம்பரில் மேற்குச் சஹாராவின் போர்நிறுத்தம் முறிந்தது. 2025 அக்டோபரில் பாதுகாப்புச் சபை, மொரோக்கோவின் தன்னாட்சித் திட்டத்தைப் பேச்சுவார்த்தைக்கு அடிப்படையாகக் கொள்ளும் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. முகாம்களின் பெண்களில் மூன்றாம் தலைமுறை இன்று பங்கீட்டுப் பட்டியலை எழுதுகிறது.

பர்ஸானிகளுள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரின் எலும்புகள் தென் ஈராக்கின் பாலைவனத்தில் கண்டெடுக்கப்பட்டு 2005இல் பர்ஸானுக்குக் கொண்டுவந்து புதைக்கப்பட்டன. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்த பெண்கள் அச்சவப்பெட்டிகளில் எது தம்முடையது என்று அறியாமலே வரிசையின் அருகே அமர்ந்தனர். கர்மியானில் சுமூத் என்ற குடியிருப்பு இன்று ரிஸ்காரி, அதாவது விடுதலை, என்று பெயர் மாறியுள்ளது. அவ்வூரில் உயிர்தப்பிய பெண்கள் தங்களுக்கென ஒரு நினைவிடத்தைத் தாங்களே திட்டமிட முற்பட்டுப் பல ஆண்டுகளாகக் கூடிப் பேசிவந்துள்ளனர். தலைவர்கள் வந்து மாலையிட்டுச் செல்லும் தூண் ஒன்றை அவர்கள் கேட்கவில்லை. காணாமற்போனோரின் படங்களை மாட்டவும், நினைத்தபோது வந்து ஒருவரோடொருவர் உட்கார்ந்து பேசவும் ஓரிடம் வேண்டும் என்றனர்.